தொட்டி மட்டும் தனியாக வராதாம்!

28,460 ரூபாய். ரேடியேட்டரின் பிளாஸ்டிக் தொட்டியில் விழுந்த ஒரு மயிரிழை விரிசலுக்கு நான் அழுத பணம் இது.

அந்த பில், ஆர்சி, இன்சூரன்ஸ், எஃப்சி, பர்மிட்டோடு சேர்ந்து வண்டியில்தான் கிடக்கிறது. செக்கிங்கில் மறிக்கும்போதெல்லாம் அதையும் சேர்த்து நீட்டிவிடலாமா என்று ஓர் ஆத்திரம் வருகிறது. படித்துப் பார்த்துவிட்டு யாராவது ஒருத்தர், "ஏம்பா, இது அடுக்குமா?" என்று கேட்கமாட்டாரா? கேட்கமாட்டார்கள். கார் வைத்திருப்பவனுக்கு என்ன கஷ்டம் வந்துவிடப் போகிறது என்றுதான் ஊர் நினைக்கும்.

கார் என் பேரில் இருக்கிறது, அவ்வளவுதான். ஆர்சியில் என் பேருக்குக் கீழே ஃபைனான்ஸ்காரர் பேரும் இருக்கிறது. மஞ்சள் போர்டு. சென்னையில் ஓட்டுகிறேன். மாசம் பிறந்தால் ட்யூ, டீசல், டோல், வருஷத்துக்கு இன்சூரன்ஸ், அவ்வப்போது எஃப்சி. இதெல்லாம் போக மிஞ்சுவதுதான் வீட்டுக்கு. இந்தக் கணக்கில் ரேடியேட்டருக்கென்று ஒரு கட்டம் நான் போட்டு வைத்ததில்லை. எந்த டிரைவர் போட்டு வைத்திருக்கிறான்?

அந்த பில்லில் ரேடியேட்டர் ஒரே ஒரு வரிதான். 9,250 ரூபாய், அதற்கு 28 சதவீதம் வரி, ஆக 11,840. மிச்சம் பதினாறாயிரத்துச் சொச்சம் எங்கே போனது? ஃபேன் மோட்டார், கூண்டோடு. மேல் ஹோஸ், கீழ் ஹோஸ். தெர்மோஸ்டாட். கூலன்ட். பம்பரைக் கழற்றி மாட்டக் கூலி. ஏசி கண்டென்சர் ரேடியேட்டருக்கு முன்னால் நிற்பதால் அதை இறக்கி ஏற்றக் கூலி. அப்படி இறக்கியதில் வெளியேறிய கேஸை மறுபடி நிரப்பக் காசு. கூலிங் சிஸ்டம் ஃப்ளஷ். கடைசியில் கன்ஸ்யூமபிள்ஸ் என்று ஒரு வரி. "இது என்னப்பா?" என்றேன். "துணி, கிரீஸ், அந்த மாதிரி சார்" என்றான் கவுன்டரில் இருந்த பையன். அவர்கள் கை துடைத்த துணிக்கும் நான்தான் காசு. அதற்கும் வரி.

எப்படி உடைந்தது என்று கேட்பீர்கள். அது மே மாதம், கத்திரி வெயில். திண்டிவனம் பக்கம் ஒரு கல்யாணத்துக்கு வயசான தம்பதியை ஏற்றிக்கொண்டு ஜிஎஸ்டி ரோட்டில் போய்க்கொண்டிருந்தேன். அச்சிறுபாக்கம் தாண்டியதும் சிவப்பு விளக்கு. பழைய வண்டிகளில் டெம்பரேச்சர் முள் என்று ஒன்று இருந்தது. மெல்ல ஏறுவது கண்ணுக்குத் தெரியும், பாதியைத் தாண்டினாலே ஓரங்கட்டிவிடுவோம். இப்போது வருகிற பல வண்டிகளில் அந்த முள்ளையே எடுத்துவிட்டார்கள். எஞ்சின் குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, கொதித்துவிட்டால் சிவப்பு விளக்கு. நடுவில் ஒன்றும் கிடையாது. ஒரு முள்ளை எடுத்ததில் வண்டிக்கு எத்தனை ரூபாய் மிச்சம் பிடித்தீர்கள் ஐயா? அந்த மிச்சம் யார் பைக்குப் போனது?

சிவப்பைக் கண்ட மாத்திரத்தில் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை அணைத்தேன். அதனால்தான் ஹெட் கேஸ்கட் தப்பித்தது. அவசரத்துக்கு இன்னும் கொஞ்சம் ஓட்டியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்து லேத்துக்குப் போயிருக்கும். இந்த 28,460 வெறும் முன்பணமாக ஆகியிருக்கும். பானெட்டைத் தூக்கினால் குப்பென்று ஆவி. அடங்கிய பிறகு குனிந்து பார்த்தேன். ரேடியேட்டரின் பக்கத் தொட்டியில், மேல் ஹோஸ் மாட்டுகிற வாய்க்கருகில் ஒரு கீறல். அதிலிருந்து கம்பெனி கூலன்ட் இளஞ்சிவப்பாகக் கசிந்து தார் ரோட்டில் சொட்டிக்கொண்டிருந்தது. போனில் படம் எடுத்து வைத்தேன். கீறல் விழுந்தது பிளாஸ்டிக் தொட்டியில். சொட்டியது கம்பெனி கூலன்ட். இந்த இரண்டையும் தயவுசெய்து மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

பின்சீட்டில் இருந்த அம்மா, "தம்பி, முகூர்த்தம் போயிடுமே" என்றார். தெரிந்த டிரைவர் ஒருத்தரை மேல்மருவத்தூரிலிருந்து வரவழைத்து ஏற்றி அனுப்பினேன். அவர் வாடகையை நான்தான் கொடுத்தேன். அந்த அம்மாவிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அந்தப் பணம் எந்த பில்லிலும் இல்லை. ரெக்கவரி வண்டிக்காரர் வாங்கியதும் இந்த 28,460-இல் சேரவில்லை.

வழியெல்லாம் மெக்கானிக் ஷெட் இருக்கும்போது ஏன் கம்பெனிக்கே இழுத்துக்கொண்டு போனாய் என்று ஸ்டாண்டில் கேட்கிறார்கள். ஏன் போனேன்? நீட்டித்த வாரண்டி! வண்டி டெலிவரி எடுத்த அன்றே, "எஞ்சின், கூலிங் சிஸ்டம் எல்லாமே கவர் ஆகும் சார். வெளிய மட்டும் கை வைக்க விட்டுடாதீங்க, வாரண்டி போயிடும்" என்று சொல்லித் தனியாகப் பணம் வாங்கினார்கள். கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்யாத குறை. நான் நம்பினேன். அன்றிலிருந்து வெளி மெக்கானிக் விரல் என் வண்டி மேல் பட்டதில்லை. ஆயில் மாற்றுவதா, அங்கே. கூலன்ட் ஊற்றுவதா, அங்கே. எல்லா பில்லும் ஃபைலில் தேதி வாரியாக இருக்கிறது. நம்பி வந்தவன் கழுத்தைத்தான் அறுப்பீர்களா?

சர்வீஸ் சென்டரில் வண்டியைப் பிரித்துப் போட்டிருந்தார்கள். "தொட்டிதானே போயிருக்கு, அதை மட்டும் மாத்திக் கொடுங்க" என்றேன். சர்வீஸ் அட்வைசர் சிரித்தார்.

"தொட்டி மட்டும் தனியா வராது சார். அசெம்பிளியாதான் வரும்."

ஏன் வராது? வராது என்று யார் முடிவு செய்தது? அந்தத் தொட்டி ரேடியேட்டரோடு ஒட்டிப் பிறந்தது இல்லையே. தனியாக அச்சில் வார்க்கிறார்கள். இடையில் ரப்பர் கேஸ்கட் வைத்து, அலுமினியத் தகட்டின் பற்களை அதன் விளிம்பு மேல் மடக்கி இறுக்குகிறார்கள். மடக்கிய பல்லை நிமிர்த்தத் தெரிந்த கைகள் இந்த ஊரில் இல்லையா? கழற்றிக் கீழே போட்டிருந்த என் ரேடியேட்டரை நான் கையில் தூக்கிப் பார்த்தேன். தொட்டி மேலேயே அச்சில் புடைத்துக்கொண்டு எழுதியிருந்தது: பிஏ66-ஜிஎஃப்30. பக்கத்தில் 1 முதல் 12 வரை எண் போட்ட ஒரு சின்ன வட்டம், நடுவில் அம்புக்குறி. அம்பத்தூரில் பிளாஸ்டிக் மோல்டிங் கம்பெனியில் இருக்கிற என் மைத்துனர்தான் அதைப் படித்துச் சொன்னார். நைலான் 66, அதில் 30 சதவீதம் கண்ணாடி இழை. அம்பு காட்டுவது அதை வார்த்த மாசம். "நல்ல சரக்குதான் மாமா. ஆனா கொதிக்கிற கூலன்ட், உள்ள அழுத்தம், அப்புறம் ஆறுறது, திரும்பக் கொதிக்கிறது. வருஷக்கணக்கா இப்படி வெந்தா எந்த நைலானும் ஒருநாள் மொறுமொறுன்னு ஆயிடும்" என்றார்.

மோல்டிங் மெஷினில் நிற்கிற என் மைத்துனருக்குத் தெரிந்தது, வண்டியை வடிவமைத்தவர்களுக்குத் தெரியாதா? எது முதலில் உடையும் என்று தெரியும். உடைகிற அந்த ஒன்றை மட்டும் தனியாக விற்கவே மாட்டோம் என்கிறீர்கள். நல்ல நிலையில் இருக்கிற அலுமினியக் குழாய்க் கூட்டையும், அதாவது கோரையும், சேர்த்துத் தூக்கிப் போடச் சொல்கிறீர்கள். இதை வியாபாரம் என்று நீங்கள் சொல்லலாம். என் வாயில் வேறு வார்த்தை வருகிறது, பத்திரிகையில் அச்சடிக்க மாட்டார்கள்.

அம்பாசிடர் ஓட்டியவன் நான். அப்போது புதுப்பேட்டையில் ஒரு பாய் இருந்தார். ரேடியேட்டர் வேலை மட்டும்தான் செய்வார். செம்புக் குழாய், பித்தளைத் தொட்டி. வாய்களையெல்லாம் ரப்பர் கார்க்கால் அடைத்து, ஒன்றில் மட்டும் காற்றுக் குழாயைச் செருகி, சிமென்ட் தொட்டித் தண்ணீரில் முக்குவார். குமிழி எங்கே கிளம்புகிறதோ அங்கே ஆணியால் ஒரு கீறு. வெளியே எடுத்து, துடைத்து, நவச்சாரம் தடவி, ஈயம் வைத்துப் பற்றவைப்பார். அடைப்பென்றால் மேல்தொட்டியைச் சூடு காட்டிப் பிரித்து, ஒவ்வொரு குழாயிலும் தட்டைக் கம்பியை விட்டு உள்ளே படிந்த உப்பை இழுத்துக் கொட்டுவார். அந்தப் பட்டறை வாசனை எனக்கு இன்னும் மூக்கில் இருக்கிறது. காலையில் கழற்றிக் கொடுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் வண்டி ரோட்டில் நிற்கும். சில நூறு ரூபாய். கையில் இல்லையென்றால், "அடுத்த சவாரி முடிச்சிட்டு வந்து குடு தம்பி, எங்க போயிடப் போற" என்பார்.

இந்த விவகாரத்துக்குப் பிறகு அவரைத் தேடிப் போனேன். ஆள் தளர்ந்துவிட்டார். போனில் இருந்த படத்தைக் காட்டினேன். கண்ணாடியைத் தூக்கி நெற்றியில் விட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார். "இதுல ஈயம் எங்க தம்பி ஒட்டும்?" என்றார். அவர் பட்டறை இருந்த இடத்தில் இப்போது சீட் கவர் விற்கிறார்கள்.

அலுமினியம் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. லேசு, மலிவு, வண்டியின் எடை குறைந்தால் மைலேஜும் கூடும். எல்லாம் சரி. எங்களிடமிருந்து செம்பை எடுத்தீர்கள், ஈயத்தை எடுத்தீர்கள், பாயின் பட்டறையை எடுத்தீர்கள். பதிலுக்குக் கொடுத்த பொருள் உடைந்தால் சரிசெய்ய ஒரு வழியை ஏன் கொடுக்கவில்லை? அதுதான் என் கேள்வி. குறைந்த எடையின் லாபம் உங்களுக்கு, உடைந்த தொட்டியின் நஷ்டம் எனக்கா?

முதலில் அவர்கள் சொன்ன மதிப்பீடு பதினாலாயிரம். சரி, வாரண்டியில் போய்விடும், கூலி ஏதாவது கேட்டால் கட்டிக்கொள்ளலாம் என்று நினைத்து வீட்டுக்கு வந்தேன். மறுநாள் போன். "சார், ஃபேன் மோட்டாரும் வீக்கா இருக்கு. இப்பவே மாத்திட்டா நல்லது." அப்புறம் இன்னொரு போன். "ஹோஸ் ரெண்டும் ஊறிப் போயிருக்கு சார். புது ரேடியேட்டருக்குப் பழைய ஹோஸ் போட்டா நாங்க கியாரண்டி கொடுக்க முடியாது." வேண்டாம், ரேடியேட்டரை மட்டும் மாட்டுங்கள் என்றேன். "எஞ்சின் போச்சுன்னா எங்களைச் சொல்லக்கூடாது சார், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துடுங்க" என்றார்கள். வண்டி அங்கே பம்பர் இல்லாமல் பல்லைக் காட்டிக்கொண்டு லிஃப்டில் தொங்குகிறது. அப்படியே திருப்பி எடுத்துப் போகிறேன் என்றால் பிரித்ததற்கும் மாட்டுவதற்கும் கூலி. நான் என்ன செய்ய முடியும்? ஆஸ்பத்திரியில் வயிற்றைக் கிழித்து வைத்துக்கொண்டு விலை பேசுகிற மாதிரி இருந்தது எனக்கு.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் போய் விசாரித்தேன். என் வண்டிக்கே பொருந்துகிற ரேடியேட்டர், பெயர் தெரிந்த தயாரிப்பு, ஒரு வருஷ வாரண்டி. 5,400 ரூபாய், வரியோடு. பெட்டியைப் பிரித்துக் காட்டினார் கடைக்காரர். தொட்டியில் அதே பிஏ66-ஜிஎஃப்30. நான் வாங்கிக் கொடுக்கிறேன், நீங்கள் மாட்டுங்கள் என்று சர்வீஸ் சென்டரில் கெஞ்சினேன். வெளிப் பார்ட்ஸ் உள்ளே வரக்கூடாதாம், பாலிசியாம். பாதி விலைக்கு வெளியே கிடைக்கிற பொருள், உங்கள் கேட்டைத் தாண்டினால் தீட்டா?

இத்தனைக்கும் பிறகுதான் வாரண்டி விஷயத்தைச் சொன்னார்கள். கிடையாதாம். ஏன் கிடையாது? "கோர் அரிச்சிருக்கு சார். உப்புத் தண்ணி ஊத்தியிருக்கீங்க."

எனக்கு அந்த நிமிஷம் காது அடைத்துவிட்டது. உப்புத் தண்ணீரா? நானா? சென்னையில் பாதி ஏரியாவில் போர் தண்ணீர் வாயில் வைக்க விளங்காது. அதை ரேடியேட்டரில் ஊற்றினால் என்ன ஆகும் என்று எந்த டிரைவருக்கும் யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. பாய் கம்பி விட்டு இழுத்துக் கொட்டிய உப்பைக் கண்ணால் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். நீங்கள் ஊற்றிய கூலன்டுக்கு நீங்கள் கொடுத்த பில் என் ஃபைலில் இருக்கிறது. ரோட்டில் சொட்டிய இளஞ்சிவப்பு என் போனில் இருக்கிறது. கீறல் தொட்டியில் இருக்கிறது. கோர் எங்கே வந்தது இதில்? படத்தைக் காட்டினேன். "இது எந்த வண்டி ரேடியேட்டர்னு எங்களுக்கு எப்படித் தெரியும் சார்?" என்றார், இரண்டு நாள் முன்னால் அதே ரேடியேட்டரை என் கண் முன்னால் காலால் தள்ளிவிட்ட அதே மனிதர்.

சரி, கழற்றிய ரேடியேட்டரைக் கொடுங்கள் என்றேன். "ஸ்கிராப் போயிடுச்சு சார்."

யாரைக் கேட்டுப் போனது?

மே மாதம் என்றால் எங்களுக்கு என்ன என்று வெளியாட்களுக்குத் தெரியாது. பள்ளிக்கூடம் லீவு. திருப்பதி, வேளாங்கண்ணி, ஏற்காடு, ஊட்டி என்று நாலு நாள், அஞ்சு நாள் வாடகை கிடைக்கிற ஒரே சீசன். வருஷத்தில் முன்னே பின்னே விழுந்த பள்ளத்தையெல்லாம் அந்த ஒரு மாசத்தில்தான் நிரவுவோம். ஊட்டிக்குப் பேசி வைத்திருந்த குடும்பம் வேறு வண்டி பார்த்துக்கொண்டது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா? குழந்தைகளோடு கிளம்பி நிற்கிறவர்கள். ட்யூ தேதியில் கணக்கில் பணம் இல்லை. பேங்க் ஒரு அபராதம் எடுத்தது, ஃபைனான்ஸ்காரன் ஒரு அபராதம் போட்டான். தப்பிய ஒரே தவணைக்கு இரண்டு பேர் அடி.

வண்டியை எடுக்கப் பணம்? தண்டல்தான். 30,000 என்று பேச்சு, கையில் தந்தது 25,500. தினம் 300 ரூபாய் வீதம் நூறு நாள். அந்த 4,500-ஐயும் ரேடியேட்டர் விலையில்தானே சேர்க்க வேண்டும்? தண்டல் அண்ணன் நல்லவர்தான், முகத்தில் அடித்த மாதிரிப் பேச மாட்டார். ஆனால் சாயங்காலம் ஆனால் வாசலில் டிவிஎஸ் சத்தம் கேட்கும். "ஏங்க, அவர் வந்துட்டார்" என்பாள் மனைவி, உள்ளே இருந்தபடியே, மெல்ல. கடன் வாங்கி வயிற்றுக்குச் சாப்பிட்டோம் என்றால்கூட ஒரு நியாயம் இருக்கும். நைலான் தொட்டிக்குத் தண்டல் கட்டிய குடும்பம் எங்களுடையதுதான். மகளுக்குச் செங்கல்பட்டில் நர்சிங் சீட் கிடைத்தது. ஹாஸ்டலுக்கு வைத்திருந்ததைத் தொட வேண்டியதாயிற்று. "ட்ரெயின்ல போய்ட்டு வந்துடுறேன்பா, பாஸ் எடுத்துக்கிறேன்" என்று அவளே சொன்னாள். இருட்டில் எழுந்து ஓடுகிறாள் பிள்ளை.

ஹைகோர்ட்டுக்குப் போக அடிக்கடி என்னைக் கூப்பிடும் வக்கீல் ஒருவர் இருக்கிறார். என் கதையைக் கேட்டுவிட்டு ஒரு விஷயம் சொன்னார். கேட்டதும் எனக்கு ஆறுதல் வரவில்லை, வயிறுதான் எரிந்தது. 2011-இலேயே டில்லியில் ஒருவர் இதே கூத்தைப் பற்றி இந்தியப் போட்டி ஆணையத்தில் புகார் கொடுத்திருக்கிறார். உதிரிபாகங்களை வெளிச் சந்தையில் கிடைக்க விடுவதில்லை, வெளி மெக்கானிக்கிடம் போனால் வாரண்டியை ரத்து செய்கிறார்கள் என்று. ஆணையம் விசாரித்து 2014 ஆகஸ்ட் 25-ஆம் தேதி தீர்ப்புச் சொன்னது. 14 கார் நிறுவனங்கள், மொத்தம் சுமார் 2,545 கோடி ரூபாய் அபராதம். உதிரிபாகங்களையும் பழுது கண்டறியும் கருவிகளையும் வெளி மெக்கானிக்குகளுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். வெளியே பழுது பார்த்தார் என்ற ஒரே காரணத்தால் ஒட்டுமொத்தமாக வாரண்டியை ரத்து செய்யக்கூடாது. உதிரிபாகங்களின் விலையை எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். எல்லாம் அந்த உத்தரவில் இருக்கிறது.

அப்புறம்? அப்பீல், ரிட், தடை. 2016-இல் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் மூன்று நிறுவனங்களின் வழக்கில், தவறு தவறுதான் என்று சொல்லிவிட்டு அபராதத்தை மட்டும் குறைத்தது. மற்றவர்கள் வேறு கோர்ட்டுக்குப் போனார்கள். உத்தரவு வந்த அதே 2014-இல்தான் அம்பாசிடர் உற்பத்தியும் நின்றது. எங்கள் வண்டி நின்றுவிட்டது, அவர்கள் வழக்கு ஓடிக்கொண்டே இருந்தது. "வெளிய கை வைக்க விடாதீங்க, வாரண்டி போயிடும்" என்று என்னிடம் சொல்லிப் பணம் வாங்கினார்களே, அது எந்த உத்தரவுக்குப் பிறகு என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். செய்யாதே என்று சொன்னதை, சொன்ன பிறகும், என் முகத்துக்கு நேரே, ரசீது போட்டு.

2022 டிசம்பர் 24, தேசிய நுகர்வோர் தினத்தன்று பழுதுபார்க்கும் உரிமைக்கென்று மத்திய அரசு ஓர் இணையதளமும் தொடங்கியிருக்கிறது. வாகனங்களும் அதில் உண்டு. மகள் போனில் திறந்து தேடினாள். எங்களுக்குக் கிடைத்தது அதே சர்வீஸ் சென்டர்களின் முகவரி. எவனிடம் அடி வாங்கினேனோ அவன் வீட்டுக்கே வழி காட்டினால் எப்படி?

வரியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் கட்டியபோது ரேடியேட்டருக்கு 28 சதவீதம். 9,250-க்கு 2,590 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் உதிரிபாகங்களுக்கெல்லாம் 18 சதவீதம் என்று குறைத்தார்கள். நல்லது. இனி உடைகிறவர்களுக்குக் கொஞ்சம் குறையட்டும். ஆனால் அத்தனை வருஷமும் பிழைப்புக்கு ஓடுகிற வண்டியின் ரேடியேட்டருக்கு என்ன காரணத்துக்காக 28 போட்டார்கள்? அது என்ன ஆடம்பரமா? ரேடியேட்டரை யாராவது ஆசைக்கு மாற்றுவார்களா?

எங்கள் கூலிக்கு விலை வைக்க மட்டும் அரசாங்கத்துக்கு நன்றாகத் தெரியும். ஆட்டோவுக்கு 2013-இல் கட்டணம் நிர்ணயித்தார்கள். முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் கிலோமீட்டருக்கு 12. ஒரு ரூபாய் கூடக் கேட்டால் புகார் எண் இருக்கிறது, பத்திரிகையில் படத்தோடு செய்தி வருகிறது. டாக்ஸிக்காரனை ஆப்காரன் பிழிகிறான். அங்கே ஸ்டார் குறைந்தாலே வண்டி நின்றுவிடும். சவாரிக்கு ஐம்பது ரூபாய் அதிகம் கேட்டவன் கொள்ளைக்காரன் என்றால், 5,400 ரூபாய்ப் பொருளை 11,840-க்குக் கட்டியவரை என்னவென்று சொல்வீர்கள்? அவருக்கு ஸ்டார் போட எந்த ஆப் இருக்கிறது?

மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்தேன். கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. அதையும் அந்த வக்கீல்தான் சொன்னார். எதிர்த்தரப்பு பதில் வந்தது. ரேடியேட்டரைப் பற்றி இரண்டு வரி, மிச்சமெல்லாம் என்னைப் பற்றி. வண்டி மஞ்சள் போர்டு, வணிகப் பயன்பாடு. ஆகவே நான் சட்டப்படி நுகர்வோரே அல்ல. மனுவைத் தள்ளுபடி செய்ய வேண்டும்.

நான் நுகர்வோர் இல்லையாம்! வண்டி விற்கும்போது மாலை போட்டு, சாவி கொடுத்து, படம் எடுத்து, கஸ்டமர்தான் தெய்வம் என்று சுவரில் எழுதி வைத்தவர்கள். வாரண்டி விற்கும்போது நான் நுகர்வோர். ஃபேன் மோட்டார் தலையில் கட்டும்போது நுகர்வோர். கேள்வி கேட்டால் மட்டும் நான் வணிகனா? என்ன வணிகம் ஐயா செய்கிறேன்? என்னிடம் கம்பெனி இருக்கிறதா, வேலைக்கு ஆள் இருக்கிறதா? இந்த ஒரு வண்டி, இந்த இரண்டு கை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்துவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கிப் பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் சேராது என்று 2019-ஆம் வருஷத்துச் சட்டத்திலேயே விளக்கம் இருக்கிறது. நான் பத்தாவது படித்தவன். எழுத்துக் கூட்டிப் படித்துப் புரிந்துகொண்டேன். சட்டம் படித்த உங்கள் வக்கீலுக்கு அந்தப் பத்தி கண்ணில் படவில்லையா? பட்டும் எழுதினாரா? ஒரு நாள் விசாரணைக்கு வந்தால் எனக்கு ஒரு நாள் சவாரி போகும், உங்களுக்கு ஒன்றும் போகாது. வாய்தா மேல் வாய்தா வாங்கினால் இவன் தானாக ஓய்ந்துவிடுவான் என்கிற கணக்குத்தானே அது?

ஓய மாட்டேன். காலையில் சவாரியை முடித்துவிட்டு யூனிஃபார்மோடே வந்து நிற்கிறேன்.

கழற்றிய என் ரேடியேட்டரைக் கொண்டுவந்து ஆணையத்தின் மேஜை மேல் வையுங்கள். ஸ்கிராப்பில் போட்டுவிட்டோம் என்றால், யாருக்குப் போட்டீர்கள், எத்தனை கிலோ, என்ன விலைக்கு, அந்த ரசீதை வையுங்கள். நான் காசு கொடுத்து வாங்கிய வண்டியோடு வந்த என் பொருள் அது. என்னைக் கேட்காமல் விற்க நீங்கள் யார்? அம்பு எந்த மாசத்தைக் காட்டியது என்பது எனக்கு ஞாபகம் இருக்கிறது. வேறு ஒன்றைக் கொண்டுவந்து ஏமாற்ற முடியாது. கோர் அரித்ததா, தொட்டி வெடித்ததா என்று ஆணையத் தலைவர் தன் கண்ணால் பார்த்துச் சொல்லட்டும்.